நடுங்கிய கை

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துகில் உரியும் இரவன்று களரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு நிமிஷம் கூத்து நின்றுவிடும். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்தபோது ராத்திரி இரண்டரை மணி இருக்கும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார். ஆர்மோனியம் நின்றது. யாரோ தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் கிரீடத்தோடு குனிந்து கும்பிட்டு, "வயித்துப் பொழப்புக்கு வேஷம் கட்டறேன் தாயே, குத்தமா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் புடவையைத் தொட்டார். திரௌபதியாக நின்றவரும் ஆண்தான், ஐம்பது வயதாவது இருக்கும். முகத்துப் பூச்சு வியர்வையோடு கலந்து கழுத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா என் முழங்கையை இடித்தார்.

"கையைப் பாரு கண்ணு, நடுங்குது."

"நடிப்பா இருக்கும் ஆயா."

"ஒடம்பு நடுங்கறதுல நடிப்பேது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உடலையே கலையாக வைக்கும் நிகழ்வுகளைப் பற்றிப் பிற்பாடு படிக்கத் தொடங்கியபோது, அந்த ஆயா கேட்டதைத்தான் அறுபது எழுபது வருஷமாக உலகத்தின் பல மூலைகளில் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

1964-ல் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் யோகோ ஓனோ என்ற கலைஞர் ஒரு மேடையில் நல்ல உடை உடுத்தி, காலை மடக்கி உட்கார்ந்தார். எதிரே ஒரு கத்தரிக்கோல். பார்க்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே வந்து, அவர் உடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். நிகழ்ச்சி அவ்வளவுதான், அதன் பெயர் 'கட் பீஸ்'. அவர் பேசவில்லை, யாரையும் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் இதையே செய்தபோது எடுத்த படம் இருக்கிறது. அதில் ஓர் இளைஞர் உற்சாகமாக வந்து உள்ளாடையின் பட்டியையும் வெட்டுகிறார். ஓனோ இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொள்கிறார். பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது.

பண்ருட்டிப் பக்கத்துக் களரியையும் இந்த மேடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெளிவாகும். கூத்தில் துச்சாதனன் ஒருவன்தான். அவனும் தொடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறான். புடவை வளரும் என்று ஊருக்கே தெரியும். கியோட்டோவில் பார்வையாளர் ஒவ்வொருவரும் துச்சாதனன் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். கண்ணன் வரமாட்டான், துணியும் வளராது. எவ்வளவு வெட்டுவது என்பதை அவரவர் மனசுதான் முடிவு செய்ய வேண்டும். முக்கியமாக, மேடையில் இருப்பவர் எந்த வேஷத்துக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளவில்லை. ஓனோ ஓனோவாகவே உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வகைக்கு உலகம் வைத்த பெயர் பெர்ஃபாமன்ஸ் ஆர்ட். தமிழில் பெயர் வைப்பதில் ஒரு சிக்கல். நிகழ்த்துகலை, நிகழ்கலை என்ற சொற்களை நாடகம், நடனம், கூத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டோம். அதனால் இந்தக் கட்டுரையில் 'உடல்நிகழ்வு' என்று சொல்லிப் பார்க்கிறேன். ஓவியருக்குத் துணியும் வண்ணமும் போல, சிற்பிக்குக் கல் போல, இவர்களுக்குத் தங்கள் உடம்பு. கதை இருக்க வேண்டியதில்லை, வசனம் வேண்டாம், பல சமயம் ஒத்திகையும் கிடையாது. முடிந்த பிறகு விற்கவோ சுவரில் மாட்டவோ எதுவும் மிஞ்சாது, புகைப்படத்தைத் தவிர.

இது ஏன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகம் எடுத்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. எந்தப் படத்தையும் பணக்காரர் வாங்கிப் பூட்டிவிடலாம் என்ற நிலைமை கலைஞர்களுக்குக் கசந்தது. போரும் குண்டும் உடம்பு எவ்வளவு எளிதில் கிழியும் என்று காட்டியிருந்தன. ஜப்பானில் குட்டாய் குழுவைச் சேர்ந்த கசுவோ ஷிராகா 1955-ல் சேற்றில் விழுந்து புரண்டு சேற்றோடு மல்லுக்கட்டியதையே ஒரு படைப்பாக வைத்தார். பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நூற்றாண்டுகளாக ஆண்கள் வரைவதற்கு அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்த உடம்பை எப்படிக் காட்டுவது, காட்டாமல் விடுவது என்று இனி நாங்களே முடிவு செய்கிறோம் என்று எழுந்தார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். உடலுக்குத் தமிழில் இருக்கும் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது மெய். உண்மைக்கும் அதே சொல்தான். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின்படி அடுக்குகிற இடம் ஒன்று உண்டு. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும், அது ஓரறிவு. அதன் மேல் நாக்கு, அப்புறம் மூக்கு, அதற்கும் பிறகு கண், பின்பு காது, கடைசியில் மனிதர்க்கு மனம். கண் நான்காவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கலை என்றாலே கண்ணால் பார்ப்பது என்று பழகியிருக்கிற நமக்கு, அறிவின் முதல் படி தோல்தான் என்று சொல்கிற வரிசை அது. அதே நூலில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மனதில் இருப்பது மெய்யில் படுவதால் அது மெய்ப்பாடு. ஆயா சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான்.

இதை வைத்து 'எல்லாம் நம்மிடம் அன்றைக்கே இருந்தது' என்று சொல்லிவிட எனக்கு விருப்பம் இல்லை. வேறுபாடு பெரியது. தீமிதிப்பவர் காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஊரோடு சேர்ந்து இறங்குகிறார். அவருடைய உடம்பு அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. குண்டத்தைத் தாண்டியதும் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். உடல்நிகழ்வு செய்பவருக்கு அப்படி யாரும் இல்லை. தன் உடம்புக்குத் தானே பொறுப்பு. அவர் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை, எதிரே நிற்கும் நம்மிடம்தான் கேட்கிறார். 1971-ல் அமெரிக்காவில் கிறிஸ் பர்டன் நண்பர் ஒருவரை விட்டுத் தன் கையில் துப்பாக்கியால் சுடச் சொன்னார். புகழ்பெற்ற நிகழ்வுதான். ஆனால் காயம் பட்டால்தான் ஆழம் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது தவறு என்பது என் கருத்து. வலி இந்தக் கலையின் ஒரு சிறு மூலைதான். அதைவிடக் கனமானது தொடுகை.

தொடுகை என்றதும் நம் ஊரில் கொஞ்சம் நின்றாக வேண்டும்.

1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் மரீனா அப்ரமோவிச் 'ரிதம் 0' என்ற நிகழ்வைச் செய்தார். மேசையில் 72 பொருட்கள். ரோஜா, இறகு, தேன், கத்தரிக்கோல், கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா. ஆறு மணி நேரம் நான் ஒரு பொருள், இவற்றை என்மீது எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று அறிவித்துவிட்டு நின்றார். தொடக்கத்தில் பூ கொடுத்தார்கள். போகப் போக உடையை வெட்டினார்கள், தோலைக் கீறினார்கள், ஒருவர் துப்பாக்கியையே அவர் மீது திருப்பினார். நேரம் முடிந்து அவர் மறுபடி மனுஷியாகக் கூட்டத்தை நோக்கி நடந்ததும், நேருக்கு நேர் நிற்க முடியாமல் ஆட்கள் ஓடிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இதே நிகழ்வை நம் மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தடை இல்லாவிட்டால் ஒரு உடம்பை என்ன செய்வாய் என்பது நேப்பிள்ஸில் கேட்ட கேள்வி. இங்கே அதற்கும் முன்னால், இது யாருடைய உடம்பு என்று பார்த்துவிட்டுத்தான் கை நீளும், அல்லது பின்வாங்கும். தீண்டாமை என்ற சொல்லிலேயே தொடுகை இருக்கிறது, தொட மறுப்பதாக. டீக்கடையில் தனி டம்ளர், காசை உள்ளங்கையில் வைக்காமல் மேலே இருந்து போடுவது, மாதவிலக்கு நாளில் 'தூரம்' என்று சொல்லி ஒதுக்கி உட்கார வைப்பது என்று நம்முடைய அன்றாடமே தொடுவதற்கும் தொடாமல் இருப்பதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறது. அதனால் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ ஒருவர் பொது இடத்தில் நின்று 'என்னைத் தொடுங்கள்' என்று கேட்டால், அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது சாதியைப் பற்றிய நிகழ்வாகிவிடும். மேற்கிலிருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து செய்கிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே.ஏ. குணசேகரன் தலித் அரங்கத்தை வளர்த்தபோது ஆட்டத்தையும் பாட்டையும் முன்னால் வைத்ததை நான் இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். எந்த உடம்பை ஒதுக்கினார்களோ அந்த உடம்பே மேடையின் நடுவில் வந்து நிற்பது வசனத்தைவிட வலுவானது.

பயிற்சி என்று வந்தால் புதுச்சேரிப் பக்கம் பேச வேண்டிய பெயர் ஆதிசக்தி. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கிய குழு இது. 1993-ல் இந்தப் பக்கம் வந்து, ஆரோவில் அருகே செம்மண் பூமியில் நிலைகொண்டது. 2014-ல் அவர் மறைந்த பிறகும் அவரோடு வேலை செய்த நடிகர்கள் அதை நடத்துகிறார்கள். நாடகக் குழுதான், உடல்நிகழ்வுக் குழு இல்லை. ஆனாலும் உடம்பை அவர்கள் விசாரித்த விதம் இந்தக் கட்டுரைக்கு நேராகவே சம்பந்தப்பட்டது. களரிப்பயிற்று, கேரளத்துப் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் எல்லாம் கற்றார்கள். அதற்கு வாசிக்கும் மிழாவு என்ற முழவு அவர்கள் அரங்கில் பேசும். அவர்கள் அதிகம் தோண்டிய விஷயம் மூச்சு. கூடியாட்டத்தில் ஒவ்வொரு பாவத்துக்கும் மூச்சு ஒவ்வொரு விதமாக ஓடும். அழுகையை முகத்தில் கொண்டுவரப் பாடுபட வேண்டாம், அழுகையின் மூச்சைப் பிடித்துக்கொண்டால் முகம் தானாக வரும் என்பது அந்த வழி. சந்தேகம் இருந்தால் கடைசியாக உங்களுக்குக் கோபம் வந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சு வயிறு வரை போயிருக்காது, நெஞ்சின் மேல்பகுதியிலேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கும். அந்த மூச்சை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். காரணமே இல்லாமல் பல்லைக் கடிப்பீர்கள். அப்படியானால் உள்ளே இருப்பதுதான் வெளியே வருகிறது என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. உடம்பு முன்னால் போய் மனசைக் கூட்டிக்கொண்டு வரவும் செய்யும்.

ஆதிசக்தியின் பெயர்பெற்ற படைப்பு ஒன்று பிருகன்னளை. விராட நாட்டில் ஒரு வருஷம் ஆணும் பெண்ணும் அல்லாமல் வாழும் அர்ச்சுனனை எடுத்துக்கொண்டு, ஒரே உடம்புக்குள் இரண்டு இயல்பும் எப்படிக் குடியிருக்கும் என்று பார்க்கிற நாடகம். இது நமக்குப் புதுக் கதை இல்லை. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோரு ஆடலில் பேடும் ஒன்று. காமன் ஆண் தன்மை திரிந்து ஆடிய கூத்து என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதைவிட நெருக்கமாக, கடலூர் மாவட்டத்துக் கொத்தட்டையிலும் புதுச்சேரியின் பிள்ளையார்குப்பத்திலும், இன்னும் பெரிதாகப் பக்கத்து மாவட்டத்துக் கூவாகத்திலும் கூத்தாண்டவர் திருவிழாவைப் பார்த்தவர்கள் நாம். திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையில் அழுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அது காட்சி. கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டால், அந்த அழுகையில் அரவானுக்கானது எவ்வளவு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நாளுக்கானது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2014-ல் திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தோழர்களும் சென்னையில் பன்மை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, தங்கள் வாழ்க்கையையே, தங்கள் உடம்போடு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். சடங்கில் வருஷத்துக்கு ஒருநாள் கிடைத்த இடத்தை, எல்லா நாளும் தருகிற மேடையாக மாற்றிய வேலை அது. அடையாளம் பற்றிய உடல்நிகழ்வு தமிழில் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

காரைக்காலும் புதுச்சேரி மாநிலம்தானே, அந்த அம்மையாரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கணவனே தன் காலில் விழுந்து வணங்கிய பிறகு, அவனுக்காகச் சுமந்த இந்தத் தசை இனி வேண்டாம் என்று கேட்டுப் பேய் உருவம் வாங்கிக்கொண்டவர். தன் பதிகத்தில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய செப்புச் சிலையைப் பாருங்கள். அழகாக இருக்க மறுத்த ஒரு பெண் உடம்பை இந்த மண் இவ்வளவு காலமாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. 1995-ல் மும்பையில் ருமானா ஹுசைன் காலில் சலங்கை கட்டி, வாயைத் திறந்தபடி, சத்தமே வராத ஓர் அலறலோடு, கையில் பாதியாய் வெட்டிய பப்பாளியை ஏந்தி நடந்தார். பாபர் மசூதி இடிப்புக்கும் கலவரத்துக்கும் பிறகு, ஒரு முஸ்லிம் பெண்ணின் உடம்பு எதைச் சுமந்து நடக்கிறது என்பதைக் காட்டிய நிகழ்வு. இந்தியாவில் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1999-ல் இறந்துபோனார். அந்தத் திறந்த வாயின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மையாரின் முகம் நினைவுக்கு வரும்.

புலன்களின் பக்கம் இன்னும் போகவில்லை. புதுச்சேரியில் ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டில் நடந்த பயிலரங்குக்கு ஒருமுறை போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். முதலில் ஈர மணல். பிறகு எதுவோ மொறமொறவென்று, ஓரத்தில் உப்புப் பொரிந்து, மெலிசாக. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு முன்பே பக்கத்தில் இருந்த ஒருவர் மெல்லச் சொன்னார், "அக்கா, கருவாடு." அவருக்குக் கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினம் என்று அப்புறம் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அதைக் கீழே போட்டுவிட்டார். கண்கட்டை அவிழ்த்த பிறகு அவர் கையைக் கழுவப் போனதை எல்லோரும் பார்த்தோம். போட்டவரும் பேசவில்லை, எடுத்துக் கொடுத்தவரும் பேசவில்லை. ஒரு வாசனைக்கு யார் முகத்தைச் சுளிக்கிறார்கள், யாருக்கு அது அம்மா வீட்டு வாசல் என்பது அந்த அறையில் அப்பட்டமாகத் தெரிந்தது. புலன் என்பது பிறப்போடு வருவது மட்டும் இல்லை, வளர்ப்பும் ஊரும் தெருவும் சேர்ந்து கற்பித்தது.

பிரேசிலைச் சேர்ந்த லிஜியா கிளார்க் 1967-ல் செய்த புலன் முகமூடிகள் இதே வழியில் போனவைதான். தலையில் மாட்டும் துணி உறை, மூக்கருகே மூலிகை, காதருகே ஒலி எழுப்பும் பொருள். மாட்டிக்கொண்டவர் தனக்குள்ளே போய்விடுவார். இங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. மாட்டிக்கொண்டவரின் உடம்புதான் அரங்கம்.

கடலூர்க்காரர்களுக்கு மூக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரசாயன ஆலைகள் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் 2004 வாக்கில் மக்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்து, காற்று மாதிரிகளை எடுத்ததோடு, எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்றும் குறித்துவைத்தார்கள். கருவி சொல்வதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிட்டது, அதை ஆவணமாக்கினார்கள். அவர்கள் அதைக் கலை என்று நினைக்கவில்லை, அது கலை இல்லை. ஆனால் தன் புலனை நம்பி அதையே சாட்சியாக நிறுத்துகிற துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இந்த ஊரில் வாசனையை வைத்து யாராவது ஒரு உடல்நிகழ்வு செய்தால், அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குவது நியாயமாக இருக்கும்.

கொடுக்கல் வாங்கல் ஒரு திசையில் மட்டும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் பழைய சினிமா அரங்கம் ஒன்றை நாடக இடமாக்கிய இந்தியநாஸ்ட்ரம் குழுவை குமரன் வளவன் 2007-ல் தொடங்கினார். பிரான்சிலிருந்து நாடக இயக்குநர் அரியான் நூஷ்கின் தன் தியேட்டர் து சொலெய் குழுவோடு புதுச்சேரிக்கு வந்தார். அக்குழு 2016-ல் பாரிஸில் அரங்கேற்றிய நாடகத்தில் தெருக்கூத்துப் பகுதிகள் இருந்தன. புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தார். அதில் துகில் உரியும் காட்சியும் உண்டு. அடவு போட்டுப் போட்டுக் குதிகால் வெடித்துத்தான் அந்த நடிகர்களுக்குத் தமிழ் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மொழியைக் கால் வழியாகக் கற்ற ஆட்கள்.

உடல்நிகழ்வைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, 'இதுக்கு என்னங்க அர்த்தம்?' என்பதுதான். கேட்கக் கூடாது என்று இல்லை, கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்கலாம். முதலில் உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். நாற்காலியில் பின்னால் சாய்ந்தீர்களா, மூச்சைப் பிடித்தீர்களா, முன்னால் இருப்பவர் தலைக்குப் பின்னால் மறைந்தீர்களா, கை எழுந்ததா. அதெல்லாம் நிகழ்வின் பகுதிதான். அலுப்பு வந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் நிகழ்வுகளில் அலுப்பைத் தாண்டிய பிறகுதான் காது திறக்கும். கூத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பொறுமை இருக்கிறது. பத்து மணிக்குப் பாயை விரித்து, ஒன்றரை மணிக்கு ஒரு தூக்கம் போட்டு, சரியாகத் துகில் உரியும் நேரத்துக்குக் கண் விழித்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள்.

அன்றைக்கு அந்த ஆயாவும் அப்படித்தான், என் தோளிலேயே சாய்ந்து தூங்கியிருந்தார். கற்பூர வாசனைக்கு எழுந்துகொண்டார்.